‘நன்றாக வேலை செய்கிறது’ என்கிறது விண்டோஸ், வேலைதான் நடக்கவில்லை

வாசகியின் கடிதம்

உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விபரங்களை நீக்கிவிட்டேன். கணவர் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று கமரா எடுப்பவர். அந்த வீடியோக்களை வீட்டிலிருந்து எடிட் செய்து கொடுப்பது இவர். இரண்டு மாதத்துக்கு முன் 85,000 ரூபாய்க்கு ஒரு பாவித்த கணினி வாங்கியிருக்கிறார்கள். விற்றவர் கணவரின் ஒன்றுவிட்ட தம்பி. திருகோணமலை டவுனில் பழைய கணினிகளை வாங்கித் திருத்தி விற்பதுதான் அவருடைய தொழில். ஆறாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் என்று வட்ஸ்அப்பில் விபரம் அனுப்பியிருக்கிறார். பற்றுச்சீட்டு தரவில்லை. பணம் வங்கி வழியாகப் போயிருக்கிறது.

“சின்ன வீடியோ என்றால் ஓரளவு ஓடும். கல்யாண வீடியோவைப் போட்டால் திரை கறுத்து, கொஞ்ச நேரத்தில் எடிட் செய்யும் மென்பொருளான பிரீமியர் தானாக மூடிவிடும். அதில் கிராபிக்ஸ் கார்டைத் தெரிவு செய்யும் இடமும் மங்கலாகவே இருக்கிறது. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் கார்டின் பெயர் சரியாக வருகிறது, ‘நன்றாக வேலை செய்கிறது’ என்றும் போட்டிருக்கிறது. என்விடியா தளத்திலிருந்து புது ட்ரைவர் (கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) இறக்கிப் போட்டேன், பொருத்தமான கார்ட் கிடைக்கவில்லை என்று நின்றுவிட்டது. தம்பியிடம் கொடுத்தால் பென் ட்ரைவில் இருந்து ஒரு ட்ரைவர் போட்டு, ‘இதை ஒருநாளும் அப்டேட் பண்ணாதீங்க’ என்கிறார். இரண்டு தடவை அப்படிப் போட்டு, தடவைக்கு 2,500 எடுத்தார். திரையின் வலது கீழ் மூலையில் டெஸ்ட் மோட் என்று எழுத்து நிற்கிறது. விண்டோஸுக்குக் காசு கட்டாததால் வருவது என்று சொன்னார்.”

கறண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம் என்கிறார் விற்றவர். பவர் சப்ளையை மாற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். கடற்காற்றில் கார்ட் உப்புப் பிடித்திருக்கும் என்கிறார் இன்னொருவர். வாசகி கேட்பது மூன்று விடயம்: ட்ரைவர் சரியா என்று தானே பார்ப்பது எப்படி, பவர் சப்ளைக்குச் செலவழிக்கலாமா, பற்றுச்சீட்டு இல்லாத நிலையில் சொந்தக்காரரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க முடியுமா. கடிதத்தின் கடைசியில், “மொனிட்டர் பழையது, நீல நிற வயர் பின்னால் நேரே மாட்டியிருக்கிறது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரி,

பவர் சப்ளை வாங்க வேண்டாம். இன்னொரு 2,500 கொடுத்து மீண்டும் ட்ரைவர் போடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கோளாறு ட்ரைவரில் இல்லை, கார்டிலேயே இருக்கிறது என்பது என் வலுவான சந்தேகம். ஆனால் பெட்டியை நேரில் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. நீங்களே பார்த்து முடிவெடுக்கலாம், அது ஒரு மணித்தியால வேலைதான்.

முதலில் அந்த ‘நன்றாக வேலை செய்கிறது’ என்ற வாசகம். நீங்கள் மட்டுமல்ல, திருத்துகிற பலரும் அதைக் கண்டதும் டிவைஸ் மேனேஜரை மூடிவிடுவார்கள். விண்டோஸ் அந்த இடத்தில் சொல்வது மிகக் குறைவு. ஒரு ட்ரைவர் ஏறியிருக்கிறது, சாதனம் தொடங்கியபோது பிழை எண் எதையும் தரவில்லை. அவ்வளவுதான். வேலை கொடுத்தால் அந்தக் கார்ட் செய்யுமா, அது சொல்லும் பெயர் உண்மையா என்பதையெல்லாம் விண்டோஸ் சோதித்துப் பார்ப்பதில்லை. மறுபக்கம், பிழை எண் ஒன்று வந்தால் அது பயனுள்ள தகவல். 43 என்றால் கார்டே ஏதோ கோளாறு என்று அறிவித்ததால் விண்டோஸ் அதை நிறுத்திவிட்டது, 28 என்றால் ட்ரைவரே இல்லை, 22 என்றால் யாரோ கையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கார்டின் பெயருக்குப் பதிலாக மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்று நின்றால், உரிய ட்ரைவர் இல்லாமல் விண்டோஸ் தன் அடிப்படை ட்ரைவரால் படத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

புது ட்ரைவர் ஏறாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம்

இந்த இடத்தில் நீங்கள் ஒரு முடிவுக்குத் தாவியிருக்கிறீர்கள். என்விடியாவின் ட்ரைவர் ஏறவில்லை, அதனால் ட்ரைவர் பிரச்சினை என்று. பொறுங்கள். 1050 டிஐ 2016 இல் வந்த கார்ட். அந்தத் தலைமுறைக்கு வழமையான ட்ரைவர்களை வெளியிடுவதை என்விடியா 2025 ஒக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 580 வரிசைதான் அதற்குக் கடைசி. அதற்குப் பிந்திய வரிசையை இறக்கிப் போட்டால் அசல் 1050 டிஐக்கும் ‘பொருத்தமான கார்ட் இல்லை’ என்ற அதே பதில்தான் வரும். ஆகப் புதியதுதான் ஆகச் சிறந்தது என்ற எண்ணம் கிராபிக்ஸ் ட்ரைவருக்குப் பொருந்தாது. தளத்தில் உங்கள் கார்டின் பெயரைத் தெரிவு செய்து, அதற்கென்று அது காட்டும் ட்ரைவரைத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தீர்களா, அல்லது முதலில் கண்ணில் பட்டதை இறக்கினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இறக்கிய கோப்பின் பெயர் பதிப்பு எண்ணோடு தொடங்கும், போய்ப் பாருங்கள். 580 இலிருந்து 589க்குள் இருந்தும் ஏற மறுத்ததென்றால் நிலைமை மோசம். 590க்கு மேல் என்றால் அந்த மறுப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

இரண்டாவது காரணம் போலிக் கார்ட். ஜிடிஎக்ஸ் 550 டிஐ, ஜிடிஎஸ் 450 போன்ற 2010, 2011 காலத்துக் கார்டுகளை எடுத்து, உள்ளே இருக்கும் பயோஸை (கார்ட் தன்னை யாரென்று கணினிக்குச் சொல்லும் நிரலை) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைத்து விற்கும் வியாபாரம் இணையச் சந்தைகளில் நெடுநாளாக நடக்கிறது. மேலே புது ஸ்டிக்கரும் புது விசிறியும் இருக்கும். அசல் 1050 டிஐயில் 768 கூடா கோர்கள், அதாவது கணக்குப் போடும் சிறு அலகுகள். அந்த இரண்டு பழைய கார்டுகளிலும் 192 தான். அடையாள அட்டையில் பெயரை மாற்றினால் ஆள் மாறிவிடுவாரா? அந்தக் காலத்துக் கார்டுகளுக்கு என்விடியா 2018க்குப் பிறகு வழமையான ட்ரைவர் தரவில்லை. அதனால் பழைய ட்ரைவரின் நிறுவல் கோப்பைத் திருத்தி, போலிப் பெயரை அதில் எழுதி, பென் ட்ரைவில் கொடுப்பார்கள். அப்டேட் செய்தால் வேஷம் கலைந்துவிடும். ‘ஒருநாளும் அப்டேட் பண்ணாதீங்க’ என்ற புத்திமதி எனக்கு உறுத்துவது இதனால்தான்.

டெஸ்ட் மோட் என்ற எழுத்துக்கும் விண்டோஸுக்குக் காசு கட்டுவதற்கும் தொடர்பில்லை. காசு கட்டாத விண்டோஸ் அக்டிவேட் செய்யச் சொல்லி வேறொரு வாசகத்தைக் காட்டும். ட்ரைவர் ஒன்றின் கோப்பைத் திருத்தினால் அதன் டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். கையொப்பமில்லாத ட்ரைவரை விண்டோஸ் ஏற்காது. ஏற்க வைப்பதற்காகத்தான் டெஸ்ட் மோடைப் போடுவார்கள். அது தானாக வருவதில்லை, யாரோ கட்டளை கொடுத்துத்தான் வரும். அந்த நிலையில் உங்கள் கணினியின் ஆழமான பகுதிக்குள் எந்த ட்ரைவர் வேண்டுமானாலும் நுழையலாம். அதில் இணைய வங்கிக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்றால் இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போன கிழமை வரை திறந்திருந்தால், கைத்தொலைபேசியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

அந்த நீல வயர்

கடைசி வரியில் எழுதிவிட்டுப் போன நீல வயர்தான் உங்கள் கடிதத்திலேயே எனக்கு அதிகம் உதவியது. நீல நிறத் தலையும் பதினைந்து ஊசியும் கொண்ட அது விஜிஏ வயர். பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள், அது எங்கே மாட்டியிருக்கிறது?

மேலே, யுஎஸ்பி துளைகளும் ஸ்பீக்கர் துளைகளும் கூட்டமாக இருக்கும் பகுதியில் என்றால், அது மதர்போர்டின் துளை. அப்படியானால் திரையில் தெரிவது இன்டெல் ப்ரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ். கார்ட் ஒரு மொனிட்டரும் இல்லாமல் கீழே சும்மா கிடக்கிறது. அசல் கார்டாகவே இருக்கலாம். நான் சந்தேகப்பட்டதில் பாதி அங்கேயே விழுந்துவிடும். (காசு கொடுத்துக் கார்ட் வாங்கிவிட்டு வயரை மதர்போர்டில் மாட்டி வைத்திருப்பது எவ்வளவு பரவலான பிழை என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.)

கீழே, கிடையாக இருக்கும் கார்டின் தகட்டிலேயே நீலத் துளை இருந்து, அதில் வயர் நேரே போகிறதென்றால் விஷயம் பெரும்பாலும் முடிந்துவிட்டது. என்விடியாவின் 10 வரிசைச் சிப்களில் விஜிஏக்கு வேண்டிய அனலொக் வெளியீடே கிடையாது. 1050 டிஐ என்ற பெயரும் நீலத் துளையும் ஒரே கார்டில் சேர்ந்திருந்தால், பொய் சொல்வது பெயர்தான். நடுவில் எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் சிறிய கட்டை ஏதும் மாட்டியிருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள், அப்படியிருந்தால் இது ஆதாரமாகாது.

எதையும் கழற்றுமுன் கைத்தொலைபேசியில் பின்பக்கத்தைப் படம் எடுங்கள். திரையில் நிற்கும் டெஸ்ட் மோட் எழுத்தையும் எடுங்கள். பின்னால் தேவைப்படும்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்

டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரை இரண்டு முறை சொடுக்கி, ட்ரைவர் என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே டிஜிட்டல் கையொப்பம் யாருடையது என்று ஒரு வரி இருக்கும். ஒழுங்கான ட்ரைவர் என்றால் மைக்ரோசொஃப்டின் பெயரோடு தொடங்கும் நீண்ட வரி. கையொப்பம் இல்லை என்றோ முன்பின் தெரியாத பெயரோ இருந்தால் அது திருத்தப்பட்ட ட்ரைவர். பக்கத்திலேயே திகதி இருக்கிறது. 2018ஐ அண்டியோ அதற்கு முன்னரோ இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து டீடெய்ல்ஸ் பக்கத்தில் ஹார்ட்வேர் ஐடிகளைத் தெரிவு செய்தால் நீண்ட எழுத்துத் தொடர் வரும். அதில் இரண்டாவதாக வரும் நான்கு எழுத்துகள் சிப்பின் எண். மேசைக் கணினிக்கான அசல் 1050 டிஐயில் அது 1சி82. வேறாக இருந்தால் திருத்திய ட்ரைவர்தான் போலிப் பெயரை வைத்திருக்கிறது. சரியாக இருந்தாலும் உடனே மகிழ வேண்டாம், அந்த எண்ணையும் மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி (dxdiag) என்று ஆறு எழுத்தையும் ஒட்டித் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் டிஸ்ப்ளே பக்கத்துக்குப் போய், ஃபீச்சர் லெவல்கள் என்ற வரியைப் பாருங்கள். அசல் 1050 டிஐக்கு அந்த வரிசை 12_1 இல் தொடங்கும். நான் சொன்ன பழைய கார்டுகள் 11_0ஐத் தாண்ட மாட்டா. ஆனால் அந்தப் பக்கத்தில் மேலே எந்தச் சிப்பின் பெயர் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இன்டெல் என்று இருந்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது கார்டை அல்ல. கீழே ‘பிரச்சினை எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதியிருக்கும். அதை டிவைஸ் மேனேஜரின் வாசகத்தை எடுத்துக்கொண்ட அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது, ஜிபியு-இசட். டெக்பவர்அப் என்ற தளம் இலவசமாகத் தருகிறது. 2018 முதல் அது போலி என்விடியா கார்டுகளைக் கண்டுபிடித்தால் பெயருக்கு முன்னால் ‘போலி’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டும். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் மற்றச் சோதனைகளுக்கு அவசியமில்லை. வராவிட்டால் பஸ் இன்டர்ஃபேஸ் என்ற பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்விக்குறியை அழுத்தி, அங்கே வரும் சோதனையை ஓட விடுங்கள். கார்ட் சும்மா இருக்கும்போது அந்த இடத்தில் மதர்போர்டோடு உள்ள இணைப்பின் வேகத் தலைமுறை 1.1 என்று காட்டுவது மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான், கோளாறு அல்ல. வேலை கொடுத்ததும் அசல் 1050 டிஐ 3.0க்கு ஏறும். உங்கள் ஆறாம் தலைமுறை ஐ5 அதற்கு இடம் கொடுக்கும். எவ்வளவு வேலை கொடுத்தும் 2.0இலேயே நின்றால், 2010 காலத்துக் கார்ட் என்ற சந்தேகம் இன்னும் இறுகும்.

சின்ன வீடியோ ஓடிப் பெரிய வீடியோவில் திரை கறுப்பதற்கும் விளக்கம் இருக்கிறது. போலிக் கார்டின் பயோஸ் 4 ஜிபி நினைவகம் என்று சொல்லும், உள்ளே 1 ஜிபிதான் இருக்கும். அந்த 1 ஜிபி நிறையும்வரை எல்லாம் ஒழுங்கு. அதைத் தாண்டி எழுதப் போனதும் எழுத இடமில்லை. ஜிபியு-இசட்டின் சென்சர் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கல்யாண வீடியோவைப் போடுங்கள். நினைவகப் பாவனை ஆயிரம் எம்பியை நெருங்கும்போதெல்லாம் திரை கறுத்தால் இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. கறுத்த திரை திரும்பி வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். அது கிராபிக்ஸ் ட்ரைவரை மீள ஓட வைக்கும், திறந்திருக்கும் வேலை அநேகமாகத் தப்பும். விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் திரும்பத் திரும்ப இருந்தால், ட்ரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்ட தடவைகள் அவை. அதையும் படம் எடுங்கள்.

கறண்டும் உப்புக் காற்றும்

கறண்ட் ஏறி இறங்கினால் பொருள் பழுதாகும், மறுக்கவில்லை. ஆனால் ட்ரைவரின் கையொப்பத்தை அது மாற்றாது, டெஸ்ட் மோடைப் போடாது. 1050 டிஐ 75 வாட் கார்ட், பெரும்பாலான மொடல்களுக்கு மதர்போர்டின் துளை வழியாக வரும் மின்சாரமே போதும். கூடுதல் மின்வயர் இருக்கிறதா இல்லையா என்பதை வைத்து அசலா போலியா என்று முடிவெடுக்க வேண்டாம், சில அசல் மொடல்களிலும் அது உண்டு. உப்புக் காற்று நிலாவெளி, உப்புவெளி வீடுகளில் உண்மையான தொல்லைதான். துளைகளைச் சுற்றிய உலோகத்தில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கும் பிரீமியரில் தெரிவு மங்கலாக இருப்பதற்கும் தொடர்பு தேட வேண்டாம்.

சோதனையில் கார்ட் அசல் என்று தெரிந்தால்

அப்படி வந்தால் நல்லது. மொனிட்டரைக் கார்டில் மாட்டுங்கள். அசல் கார்டில் நீலத் துளை இல்லாததால், எச்டிஎம்ஐயை விஜிஏ ஆக்கும் கட்டை ஒன்று வாங்க வேண்டியிருக்கும். இணைய வயரைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் (அடிப்படை ட்ரைவர்களோடு மட்டும் விண்டோஸ் தொடங்கும் நிலையில்) டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற மென்பொருளால் பழைய ட்ரைவரின் மிச்சம் மீதி எல்லாவற்றையும் துடைத்து, முன்கூட்டியே இறக்கி வைத்த 580 வரிசையைப் போடுங்கள். இணையத்தை முதலே கழற்றச் சொல்வது, இடையில் விண்டோஸ் அப்டேட் புகுந்து தன் விருப்பத்துக்கு ஒன்றைப் போட்டுவிடாமல் இருக்கத்தான். பிறகு பிரீமியரின் அந்த மங்கல் தெளிகிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு இரண்டு மூன்று வீதத்தில் நிற்கிறது என்று பதற வேண்டாம், வரைபடத்தின் தலைப்பைச் சொடுக்கி கூடா அல்லது வீடியோ என்கோட் என்று மாற்றினால் உண்மையான உழைப்பு தெரியும். வெப்பம் எண்பதுகளில் நின்றாலும் பயமில்லை, அந்தச் சிப்புக்கு என்விடியா குறித்திருக்கும் உச்சம் 97 பாகை.

போலி என்றால் பணத்தைக் கேட்பது

நான் கணினி திருத்துபவன், சட்டத்தரணி அல்ல. இருந்தாலும் இந்த மாதிரிச் சண்டைகள் என் மேசைக்கு அடிக்கடி வருவதால் கொஞ்சம் தெரியும். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் உரிமையே இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள், அது சரியல்ல. எந்தப் பெயர் சொல்லி விற்கப்பட்டதோ பொருள் அதுவாகவே இருக்க வேண்டும் என்பது 1896 முதல் இலங்கையில் இருக்கும் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. பாவித்த பொருள் பழையதாக இருக்கலாம், வேறொன்றாக இருக்கக்கூடாது. வட்ஸ்அப்பில் அவர் எழுதிய ‘1050 டிஐ 4 ஜிபி’ என்ற வரியும் வங்கிப் பதிவும் சேர்ந்தால், எதை எவ்வளவுக்கு விற்றார் என்பதற்கு நல்ல ஆதாரம். அந்த உரையாடலை அழிக்காதீர்கள், தொலைபேசி மாற்றினால் முதலில் அதைச் சேமியுங்கள்.

அவர் தொழிலாக விற்பவர் என்பதால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் உதவும். முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. அதனால் உறவென்று பார்த்துப் பொறுத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். சபையின் உடனடித் தொலைபேசி இலக்கம் 1977.

ஆனால் நான் அங்கிருந்து தொடங்க மாட்டேன். அவர் தெரிந்தே ஏமாற்றினார் என்று நீங்கள் இன்னும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட கார்டுகள் மொத்தமாக வரும்போது வாங்கி விற்பவரும் ஏமாறுவதுண்டு, பென் ட்ரைவ் ட்ரைவரும் அவருக்கு மேலே உள்ளவர் கொடுத்ததாக இருக்கலாம். டெஸ்ட் மோடுக்கு அவர் சொன்ன விளக்கம் மட்டும் எனக்குச் செரிக்கவில்லை. இருந்தாலும் சந்தேகத்தின் பலனை முதல் தடவை கொடுங்கள். கதைக்கப் போகும்போது நீங்களும் கணவரும் சேர்ந்து போங்கள், மாமியார் வீட்டில் நாலு பேர் முன்னால் எடுக்க வேண்டாம். ‘ஏமாத்திட்டீங்க’ என்று தொடங்காமல், “தம்பி, இதைப் பாருங்கோ, கார்டை உங்களுக்கு வித்தவர் உங்களையும் ஏமாத்தியிருக்கிறார் போல” என்று படங்களைக் காட்டுங்கள். அவர் மானத்தோடு பின்வாங்க ஒரு வழி இருக்கட்டும்.

முழுக் கணினியையும் திருப்பிக் கொடுத்து 85,000 கேட்பதா, கார்டை மட்டும் கேட்பதா என்று கணவரோடு முதலே பேசி முடிவெடுங்கள். மற்றப் பாகங்கள் ஒழுங்காக இருந்தால், அசல் கார்ட் ஒன்றோ கார்டின் விலையோ, அதோடு அந்த இரண்டு 2,500களும் என்று கேட்பது கெதியாக முடியும் என்பது என் எண்ணம். மாற்றுக் கார்ட் தந்தால் அவர் முன்னாலேயே ஜிபியு-இசட்டைத் திறந்து பாருங்கள். இந்த முறை ஒரு துண்டுக் காகிதத்திலாவது கார்டின் பெயர், திகதி, உத்தரவாதக் காலம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அவர் கைவிரித்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குவது, பெரும்பாலும் வார இறுதியில் பள்ளிக்கூடங்களில் கூடும். சட்டத்தரணி தேவையில்லை, இரு பக்கத்தையும் இருத்தி வைத்துக் கதைப்பார்கள். சொந்தக்காரரோடு பொலிஸுக்குப் போவதைவிட இது எவ்வளவோ மேல். அங்கே தவணை போய்க்கொண்டிருக்கும்போதே நுகர்வோர் சபையின் மூன்று மாதம் ஓடிவிடும், ஆகவே அந்த எழுத்து முறைப்பாட்டை எழுதித் தயாராக வைத்திருங்கள்.

அதுவரை கையில் இருக்கும் கல்யாண வீடியோக்களுக்கு என்ன செய்வது? கார்ட் போலி என்று உறுதியானால், படங்களை எடுத்த பிறகு கணினியை அணைத்து, மின்வயரைக் கழற்றி, கார்டை வெளியே எடுத்துவிட்டு மொனிட்டரை மதர்போர்டின் துளையில் மாட்டிப் பாருங்கள். ஆறாம் தலைமுறை ஐ5 அநேகமாக எல்லாவற்றிலும் இன்டெல் கிராபிக்ஸ் உண்டு, அதில் வீடியோவை என்கோட் செய்ய (ஏற்றுமதியின்போது சுருக்கி எழுத) தனியான பகுதியும் இருக்கிறது. என்விடியா அப்படியொரு பகுதியைத் தன் கார்டுகளில் வைக்கத் தொடங்கியது 2012 இல்தான், 2010 காலத்துப் போலிக் கார்டில் அது இருக்கவே இருக்காது. காசு கொடுத்து வாங்கிய கார்டைக் கழற்றியதும் ஏற்றுமதி வேகமானால் ஆச்சரியப்படாதீர்கள். கூடவே பிரீமியரில் ப்ராக்சி கோப்புகளை உருவாக்கி, சிறிய பிரதிகளில் எடிட் செய்து, கடைசியில் மட்டும் பெரிய கோப்பில் ஏற்றுமதி செய்யுங்கள். இரவில் ஓட விட்டுப் படுக்கலாம்.

கார்டின் கதை முடிந்ததும், அந்தக் கணினியில் வீடியோக்களை வெளி டிஸ்க் ஒன்றுக்கு மாற்றிவிட்டு, விண்டோஸை முழுவதும் புதிதாகப் போட வைத்துவிடுங்கள், இந்த முறை வேறு ஒருவரிடம். டெஸ்ட் மோடை மட்டும் நிறுத்தினால் போதாதா என்று கேட்பீர்கள். எழுத்து மறையும், ஆனால் அது திறந்து கிடந்த இரண்டு மாதத்தில் வேறு என்ன உள்ளே வந்தது என்று உறுதியாகச் சொல்ல என்னாலும் முடியாது.